மெக்கானிக் கோர்ஸுக்கு நகையை அடகு வைக்கலாமா? பாலக்கோட்டுத் தம்பிக்கு

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறார். இரண்டு வருடமாக லீவு நாட்களில் மாமாவின் பட்டறையில் கைவேலை. பஞ்சர், ஆயில் மாற்றுவது, பிரேக் ஷூ, செயின் செட் வரை தனியாகவே செய்துவிடுவாராம். பெங்களூரில் ஒரு தனியார் நிலையம் மூன்று மாத டூவீலர் மெக்கானிக் கோர்ஸ் நடத்துகிறது. கட்டணம் 65,000 ரூபாய், வேலைக்கு உத்தரவாதம் என்கிறார்கள். அம்மாவின் நகையை அடகு வைத்தாவது கட்டுகிறேன் என்கிறார் அப்பா. மாமாவோ, "எவன்டா பள்ளிக்கூடம் போய் ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்கிட்டான்" என்று சிரிக்கிறாராம். சேரலாமா, வேண்டாமா?

நகையை அடகு வைக்க வேண்டாம் தம்பி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படிக்கலாம். ஆனால் உங்கள் மாமா சொல்வதிலும் பாதிதான் சரி. அந்த மீதிப் பாதிக்காக நான் நாற்பத்து மூன்று வயதில் அவமானப்பட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போய்க் கற்றவன் இல்லை. 1995ல் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டதும், அப்பா என்னைக் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார். முதல் ஆறு மாதம் டீ வாங்கி வருவது, மண்ணெண்ணெயில் பார்ட்ஸ் கழுவுவது, மேஸ்திரி கேட்கிற நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது. பத்தாம் நம்பர் கேட்டு பன்னிரண்டாம் நம்பர் கொடுத்தால் அந்த ஸ்பேனரே முதுகில் விழும். சனிக்கிழமை சாயங்காலம் கையில் கிடைப்பது பஸ்ஸுக்கும் பரோட்டாவுக்கும் சரியாக இருக்கும். ஐந்து வருடம் அப்படிப் போனது. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் காது பழகிவிட்டது. டைமிங் செயின் தளர்ந்த சத்தம் எது, டேப்பட் சத்தம் எது, பிஸ்டன் ஆடுகிற சத்தம் எது என்று வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சொல்லிவிடுவேன். நட்டை எவ்வளவு இறுக்கினால் மரை போகும் என்பது விரலுக்குத் தெரியும். இதை எந்தப் பள்ளியும் மூன்று மாதத்தில் கொடுக்காது. மூன்று வருடத்தில்கூடக் கொடுப்பது கஷ்டம். மாமா சொல்வதில் சரியான பாதி இதுதான்.

2001ல் காவேரிப்பட்டினத்தில் சொந்தப் பட்டறை போட்டேன். இருபது வருடம் ஒரு குறையும் இல்லை. கார்புரேட்டரைப் பிரித்து ஜெட் சுத்தம் செய்வேன், வால்வு லேப்பிங் செய்வேன், தேய்ந்த சிலிண்டரை லேத்துக்குக் கொண்டுபோய் போர் அடித்து (உள்பக்கத்தைக் கடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவேன். மின்சாரம் என்றால் மட்டும் பழைய வித்தைதான். பிளக்கைக் கழற்றி இன்ஜினில் வைத்து கிக்கரை உதைத்தால் பொறி வருகிறதா? வராவிட்டால் காயிலை மாற்று. அதற்கும் வராவிட்டால், பொறி விடுகிற சிடிஐ பெட்டியை மாற்று. ஏதாவது ஒன்றில் வந்துவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதோடு புது வண்டிகளில் கார்புரேட்டர் காலம் கிட்டத்தட்ட முடிந்தது. தக்காளிக் கிரேடை அடுக்கிக்கொண்டு ராயக்கோட்டை மண்டிக்குப் போகிற டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் வரைக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. டேங்குக்குள் ஒரு மின்சார பம்ப். பெட்ரோலை அது தள்ளுகிற அழுத்தம் கிட்டத்தட்ட 3 பார். பின் டயரில் நாம் அடிக்கிற காற்றைவிட அதிகம். எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும், எப்போது பொறி விட வேண்டும் என்பதை இசியு என்கிற பெட்டி முடிவு செய்கிறது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் எவ்வளவு சூடு, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார். அதற்கு முந்தைய வருடமே, 2019 ஏப்ரலிலிருந்து, 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு, கட்டாயமாகியிருந்தது. வாரண்டி முடிகிற வரைக்கும் இந்த வண்டிகள் ஷோரூமுக்குப் போயின. நானும் கவலைப்படவில்லை. அப்புறம் 2022 மழைக்காலத்தில் ஒன்று என் வாசலுக்கே வந்தது.

பால் ஊற்றுகிறவர் வண்டி. செல்ஃப் அமுக்கினால் இன்ஜின் சோம்பலாகச் சுற்றும், பிடிக்காது. கிக்கரை உதைத்தால் உடனே பிடிக்கும். சோம்பலாகச் சுற்றுகிறதே என்று பேட்டரியை மாற்றினேன். இரண்டு நாள் பரவாயில்லை, மறுபடி அதே கதை. பெட்ரோல் வரவில்லை போல என்று ஃபியூயல் பம்பையும் மாற்றினேன். அவருக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. அதற்கும் அடங்கவில்லை. இசியுதான் போயிருக்கும், எட்டாயிரம் ஆகும் என்று சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து அதே வண்டியில், செல்ஃப் அடித்துக் கொண்டே, என் கடை வழியாகப் போனார். நிறுத்திக் கேட்டேன். ஒரு சர்வீஸ் சென்டரில் ஐடிஐ முடித்த இருபத்திரண்டு வயதுப் பையன் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்தானாம். பேட்டரியின் எர்த் ஒயர் சேசிஸில் சேருகிற போல்ட்டில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினான். அவ்வளவுதான். பார்ட்ஸ் செலவு சுழியம்.

அந்தப் பையன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று அப்புறம் புரிந்தது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில், இன்னொரு முனையை இன்ஜின் உடம்பில் வைத்து, செல்ஃபை அமுக்கியிருக்கிறான். எர்த் நன்றாக இருந்தால் மீட்டரில் ஏறக்குறைய ஒன்றுமே காட்டாது, 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஒன்றரை, இரண்டு என்று காட்டினால் அவ்வளவு வோல்டேஜும் அந்தத் துருவிலேயே செத்துப்போகிறது என்று அர்த்தம். மிச்சம்தான் மோட்டாருக்கும் இசியுவுக்கும் பம்புக்கும். கிக்கரை உதைக்கும்போது செல்ஃப் மோட்டார் கரண்ட் இழுப்பதில்லை, அதனால் வோல்டேஜ் சரிவதில்லை, வண்டி பிடிக்கிறது. எல்லா அடையாளமும் என் கண் முன்னால்தான் இருந்தன. அதைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. என் மேஸ்திரிக்கே தெரியாததை அவர் எப்படிச் சொல்லித் தருவார்?

அந்தப் பால்காரருக்குப் பம்புக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓய்வுபெற்ற ஐடிஐ வாத்தியார் ஒருவரைத் தேடிப் போனேன். மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஸ்பேனரே தொடவில்லை. பச்சை, மஞ்சள், சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு ஒயரிங் வரைபடம் வரைந்தோம். ஒவ்வொரு ஒயரும் எங்கே கிளம்பி, எந்த ஃபியூஸைத் தாண்டி, எங்கே எர்த் ஆகிறது என்று விரல் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்வார். தப்பினால், "திரும்பப் பேட்டரிக்கு வா" என்பார். நாற்பத்து மூன்று வயதில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து வரைந்தேன்.

இவ்வளவு நீளமாக என் கதையைச் சொன்னதற்குக் காரணம், உங்கள் கேள்விக்கு விடை இதற்குள் இருப்பதுதான். கைக்குப் பழக வேண்டியது உங்கள் மாமா பட்டறையிலேயே இருக்கிறது. அதற்கு 65,000 கொடுப்பது வீண். உங்களுக்குக் குறைவாக இருப்பது மின்சாரமும், படம் பார்த்துப் படிக்கிற பழக்கமும், "ஏன்" என்று கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தர ஒரு ஆளும். எந்தப் பள்ளி இதைத் தருமோ அதற்குப் போங்கள். தராத பள்ளி இலவசமாகவே இருந்தாலும் போகாதீர்கள்.

அந்தத் தனியார் நிலையத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, அதனால் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே மாதிரி ஒன்றில் என் அக்கா மகன் சேர்ந்தான். நான்தான் கூடப் போனேன். வரவேற்பறையில் ஏசி, சுவரில் ரேஸ் பைக் படம், உள்ளே சிவப்பும் நீலமுமாகப் பெயின்ட் அடித்து வெட்டி வைத்த இன்ஜின்கள். அழகாகத்தான் இருந்தன. ஓடுகிற வண்டி எத்தனை என்று கேட்டேன். இரண்டு என்றார்கள். அந்த பேட்ச்சில் நாற்பது பையன்கள். மூன்று மாதத்தில் ஒரு பையனுக்கு எத்தனை மணி நேரம் வண்டி கையில் கிடைக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கடைசியில் "வேலை உத்தரவாதம்" என்பது ஒரு சர்வீஸ் சென்டரில் வாட்டர் வாஷ் வேலையாக வந்து நின்றது. அந்த வேலைக்கு அவன் நேராகப் போய்க் கேட்டிருந்தாலே கொடுத்திருப்பார்கள்.

சரி, ஐடிஐக்கு வருவோம். தர்மபுரிக்காரர்களுக்குக் கடகத்தூர் அரசு ஐடிஐ, ஓசூர் பக்கத்தவர்களுக்கு ஓசூர் அரசு ஐடிஐ. உங்களுக்குப் பொருந்துகிற தொழிற்பிரிவுகள் இரண்டு மூன்று இருக்கின்றன. இரு சக்கர, மூன்று சக்கர வாகன மெக்கானிக் ஒரு வருடம். மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டு வருடம். கார், லாரி எல்லாம் இதில் வரும். டீசல் மெக்கானிக் ஒரு வருடம், அது உங்களுக்கு வேண்டாம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எல்லா ஐடிஐயிலும் எல்லாப் பிரிவும் இருக்காது; அதனால் விண்ணப்பிக்கும்போது இரண்டு மாவட்டப் பட்டியலையும் பாருங்கள். உங்கள் ஊருக்குக் கிருஷ்ணகிரி ஒன்றும் தூரமில்லை.

செலவு என்று பார்த்தால் அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ எல்லாம் கொடுக்கிறார்கள். நீங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2024ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 65,000 கடனோடு மூன்று மாதம் ஒரு பக்கம். மாதம் 1,750 கையில் வாங்கிக்கொண்டு ஒரு வருடம் இன்னொரு பக்கம். நகை பீரோவிலேயே இருக்கும்.

ஐடிஐயில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வகுப்பில் இருபது, இருபத்து நான்கு பேர் இருப்பார்கள். சில இடங்களில் வண்டிகள் பழசு. வாத்தியார் அமைவது அதிர்ஷ்டம். நல்லவர் அமைந்தால் உங்கள் வாழ்க்கையே மாறும், அமையாவிட்டால் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தே வருடம் போகும். என் பட்டறைக்கு ஐடிஐ முடித்துவிட்டு வந்த ஒரு பையன், ஃபோர்க் ஆயில் சீல் மாற்றத் தெரியாமல் முழித்தான். ஆனால் அவனுக்கு மீட்டர் பிடிக்கத் தெரிந்திருந்தது, ஃபீலர் கேஜ் வைத்து டேப்பட் கிளியரன்ஸ் பார்க்கத் தெரிந்திருந்தது, புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கத் தெரிந்திருந்தது. ஆயில் சீலை ஒரே மத்தியானத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டேன். மீட்டரை ஒரு மத்தியானத்தில் சொல்லிக் கொடுக்க முடியாது. அவனுக்கு நான் கைவேலை சொல்லித் தர, எனக்கு அவன் இசியு சொல்கிற பழுதைப் படிக்கிற ஸ்கேனர் ஆப்பைப் போனில் பார்க்கச் சொல்லித் தந்தான். கணக்குச் சரியாகிவிட்டது.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, வகுப்பில் மற்ற பையன்களுக்கு அது இருக்காது. சாயங்காலம் ஐடிஐ விட்டதும் மாமா பட்டறை. காலையில் மேக்னெட் காயிலைப் பற்றி வகுப்பில் கேட்டால், சாயங்காலம் பட்டறையில் ஏதாவது ஒரு வண்டியில் அதைத் திறந்து பார்க்கலாம். இப்படி ஒரு வருடம் போனால், வெறும் பட்டறையில் நான்கு வருடம் இருந்தவனைவிட நீங்கள் முன்னால் இருப்பீர்கள். இதைச் சும்மா தைரியம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. நான் வேலைக்கு எடுக்கிற பையன்களில் இப்படி இரண்டு பக்கமும் கால் வைத்தவர்கள்தான் சீக்கிரம் தனியாகக் கடை போட்டுப் போய்விடுகிறார்கள். அது எனக்கு நஷ்டம், வேறு விஷயம்.

சான்றிதழ் எதற்கு என்று மாமா கேட்பார். தெருமுனையில் கடை போட யாரும் சான்றிதழ் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் அப்ரண்டிஸ், ரயில்வே, ராணுவத்தில் தொழில்நுட்பப் பிரிவு, கம்பெனி சர்வீஸ் சென்டர் என்று எங்கே போனாலும் அந்தத் தேசியத் தொழிற்சான்றிதழ் கேட்பார்கள். பத்தொன்பது வயதில் எந்தக் கதவு வேண்டும் என்று உங்களுக்கே தெரியாது. மூடி வைக்காமல் இருப்பது நல்லது.

ஒரு வருடம் உட்கார முடியாது, வீட்டில் உடனே வருமானம் வேண்டும் என்கிற நிலைமை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. இந்தியன் வங்கி தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் நடத்துகிறது. அங்கே இருசக்கர வாகன மெக்கானிக் பயிற்சி 30 நாள். பயிற்சியும் சாப்பாடும் இலவசம். 1982ல் கர்நாடகத்தில் தர்மஸ்தலா பக்கத்து உஜிரேயில் தொடங்கிய நிலையத்தைப் பார்த்து நாடு முழுக்க வைத்த நிலையங்கள் இவை. முப்பது நாளில் ஒருவனை மெக்கானிக் ஆக்க முடியாது. ஆனால் உங்களைப் போல ஏற்கெனவே கையில் வேலை இருக்கிறவனுக்கு, விட்டுப்போன ஓட்டைகளை அடைக்க இது உதவும். கணக்கு எழுதுவது, வங்கியில் பேசுவது எல்லாம் சொல்லித் தருவார்கள். பின்னால் கடன் கேட்கப் போகும்போது அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. எந்த மாதம் எந்தப் பயிற்சி என்று நேரில் போய்க் கேட்டு, பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஷோரூம் சர்வீஸ் சென்டரில் ஹெல்ப்பராகச் சேர்வதும் ஒரு பள்ளிதான். கம்பெனியின் ஸ்கேனர், கம்பெனியின் புத்தகம், புது மாடல் வந்தால் கம்பெனி செலவிலேயே பயிற்சி. ஆனால் அங்கே ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று இலக்கு இருக்கும். பழுது பார்க்க நேரம் இருக்காது; கழற்று, மாற்று, அடுத்த வண்டி. இரண்டு வருடம் இருந்து ஸ்கேனர் பழகிக்கொண்டு வெளியே வருகிறவன் கெட்டிக்காரன். ஏழு வருடம் அங்கேயே இருந்தவனிடம் ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் இன்ஜினைக் கொடுத்தால் கொஞ்சம் தடுமாறுவான்.

இந்த இடத்தில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். 1980ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்த நாளிலிருந்து, வண்டித் தொழில் என்றால் நம் ஆட்களுக்கு ஓசூர் சிப்காட் ஞாபகம்தான் வரும். இப்போது ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, சூளகிரியில் சிம்பிள் என்று எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கம்பெனிகளும் வந்துவிட்டன. ஐடிஐயில் மெக்கானிக் படித்த பையன்கள் நிறையப் பேர் ஒப்பந்தத்தில் அந்த மாதிரித் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். போகட்டும், பஸ் வருகிறது, சாப்பாடு போடுகிறார்கள், மாதச் சம்பளம் வருகிறது. ஆனால் அது மெக்கானிக் வேலை இல்லை. லைனில் நின்றுகொண்டு, ஒரு ஷிஃப்ட் முழுக்க ஒரே நான்கு போல்ட்டை இறுக்குகிற வேலை. ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போது படித்ததும் மறந்திருக்கும், பட்டறையும் பழகியிருக்காது. உங்களுக்கு எது பிடிக்கும் என்பதைச் சேருவதற்கு முன்னாலேயே யோசித்துக்கொள்ளுங்கள். "எதுவாக இருந்தால் என்ன, ஒரு வேலை" என்றால் தொழிற்சாலை நல்ல வழி. ஓடாத வண்டியை ஓட வைக்கும்போது உங்களுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வருகிறது என்றால் அது வேறு ஜாதி.

எலக்ட்ரிக் வண்டி வந்துவிட்டால் மெக்கானிக்குக்கு வேலை இருக்காதே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா கேட்பார். டயர் தேயும், பிரேக் தேயும், ஃபோர்க் சீல் ஒழுகும், பேரிங் போகும். மண் ரோட்டில் பென்னாகரம் மலைப்பக்கம் ஓடினால் எந்த வண்டிக்கும் இதெல்லாம் உண்டு. இன்ஜின், கிளட்ச், ஆயில் சர்வீஸ் இல்லாமல் போகும் என்பது உண்மை. அந்த வருமானம் போகும். அதற்குப் பதிலாக வருவது கன்ட்ரோலர், ஒயரிங், சார்ஜர், பேட்டரி நிர்வாகப் பெட்டி. மறுபடி மின்சாரம்தான். இன்றைக்குப் பல கம்பெனிகள் சாஃப்ட்வேரைப் பூட்டி வைத்திருப்பதால் வெளிப் பட்டறையில் எல்லாவற்றையும் பார்க்க முடிவதில்லை. இன்றைய வண்டிகளுக்கு வாரண்டி முடிந்து, அவை மூன்றாவது கைக்குப் போகும்போது நம் வாசலுக்குத்தான் வரும். பிஎஸ்6 அப்படித்தானே வந்தது.

பள்ளி எதுவாக இருந்தாலும் பணமோ சான்றிதழோ கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். அட்மிஷன் நாளில் போகாதீர்கள், சாதாரணமான ஒரு புதன்கிழமை மத்தியானம் போங்கள். பையன்களின் கையைப் பாருங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு எல்லார் நகமும் சுத்தமாக இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை. ஸ்டார்ட் ஆகிற வண்டி எத்தனை, அதில் இன்ஜெக்‌ஷன் வண்டி எத்தனை என்று எண்ணுங்கள். ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். "கொஞ்சம் மாட்டிக் காட்டுங்கள் சார்" என்று கேளுங்கள். பேட்டரி தீர்ந்து பீரோவுக்குள் கிடந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பழைய மாணவர்கள் மூன்று பேர் நம்பர் வாங்கி, இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று நீங்களே போன் போடுங்கள். சுவரில் ஒட்டியிருக்கிற போட்டோக்களை நம்ப வேண்டாம். கற்றுத் தருகிறவர் கடைசியாக எப்போது பட்டறையில் வேலை செய்தார் என்பதையும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள்.

பின்னால் சொந்தக் கடை போடும் ஆசை இருக்கும். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், விரிவாக வேறொரு நாள். முத்ரா திட்டத்தில் 50,000 வரை சிசு கடன் அடமானம் இல்லாமல் கிடைக்கும்; நல்ல கருவிகள் வாங்க அது போதும். அதற்கு மேல் என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் திட்டங்கள் இருக்கின்றன. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கடை போட்ட பிறகு உங்களை முடிக்கிறது வங்கிக் கடன் இல்லை, "அடுத்த வாரம் மாங்காய்க் காசு வந்ததும் தரேன்" என்கிற கடன். எனக்கு 2019 மாங்காய்க் காசு இன்னும் வர வேண்டியிருக்கிறது.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரையில் குத்தவைத்து வேலை செய்தே என் முட்டி போய்விட்டது. பழைய ஆயிலில் வெறுங்கையை முக்காதீர்கள், தோலுக்கு ரொம்பக் கெடுதல். பிரேக் டிரம்மில் இருக்கிற தூசியை வாயால் ஊதாதீர்கள். நாங்கள் எல்லாரும் ஊதினோம். மாமா பட்டறையில் கையுறை போட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். பெங்களூருக்கு ஒரு போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிடுவேன். ஐடிஐ விண்ணப்பம் வழக்கமாக மே, ஜூனில் இணையத்தில் திறக்கும். அதற்கு இடையில் இருக்கிற மாதங்களில் சுயவேலைவாய்ப்பு நிலையத்தில் முப்பது நாள் பயிற்சி கிடைத்தால் போய்விடுவேன். ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி, மாமா பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு வண்டியிலும் மூன்று எண்ணை நோட்டில் எழுதுவேன். வண்டி நிற்கும்போது பேட்டரியில் எவ்வளவு வோல்ட், செல்ஃப் அமுக்கும்போது எவ்வளவு, இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கி வைத்திருக்கும்போது எவ்வளவு. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6க்கு மேல் காட்டும். சார்ஜிங் சரியாக இருந்தால் முடுக்கும்போது 13.5க்கும் 14.8க்கும் நடுவில் நிற்கும். ஐம்பது வண்டி எழுதிய பிறகு, எந்த வண்டி மாறுபடுகிறதோ அதன் காரணத்தைத் தேடுங்கள். அந்தத் தேடல் உங்களுக்குச் சலிப்பாக இருந்தால் இந்தத் தொழிலுக்குள் வருவதைப் பற்றியே மறுபடி யோசியுங்கள். ராத்திரி தூக்கம் வராமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தால் மாமாவிடம் நான் பேசுகிறேன்.

அப்புறம், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் நான்கிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்து வைத்துப் பாருங்கள். என் அக்கா மகனுக்கு ஆதாரில் இனிஷியல் மாறியிருந்ததைத் திருத்தி வாங்க இரண்டு மாதம் அலைந்தோம். அதற்குள் கவுன்சிலிங் முடிந்துவிட்டது.